ஜார்ஜ் கென்னன்: ஒரு தந்தியோடு முடிந்துவிடுகிற ஆளா?

பொதிகைச்சாரல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பனிப்போர் பாடத்தில் ஜார்ஜ் எஃப். கென்னனுக்கு மொத்தமே நாலு வரிதான். அமெரிக்கத் தூதரக அதிகாரி, 1946-இல் மாஸ்கோவிலிருந்து 'நீண்ட தந்தி' அனுப்பினார், 1947-இல் 'எக்ஸ்' என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதினார், சோவியத் செல்வாக்கு பரவாமல் தடுக்கும் 'கட்டுப்படுத்தும் கொள்கை'யின் தந்தை. தேர்வுக்கு இது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் கல்லூரி நூலகத்தில் அவருடைய நினைவுக் குறிப்புகளின் முதல் தொகுதி கிடைத்தது. எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. தூதரக அதிகாரி எழுதின மாதிரியே இல்லை, கதை எழுதுகிறவர் கையாக இருக்கிறது. அப்புறம் தேடிப் பார்த்தால், இதே மனிதர் நேட்டோ வேண்டாம் என்றிருக்கிறார், ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்றிருக்கிறார், வியட்நாம் போரையும் எதிர்த்திருக்கிறார். பனிப்போரைத் தொடங்கி வைத்தவர் என்று நாங்கள் படிக்கிற ஆள் எப்படி அதற்கு எதிராகவே நின்றார்? தூதராக அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. அவரை ஆழமாகப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய தந்திக்காரர்

தம்பி, நான் அரசியல் படித்தவன் இல்லை. தந்தி அலுவலகத்தில் 33 வருடம் வேலை பார்த்தவன். முதலில் மோர்ஸ் சாவி, பிறகு டெலிபிரிண்டர். ஒரு சொல் கூடினால் காசு கூடும் என்பதால், எங்கள் கவுன்டருக்கு வருகிறவர்கள் அழுகிற நேரத்திலும் சொற்களை எண்ணுவார்கள். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி'. நாலே சொல். வாழ்த்துத் தந்திக்கு அந்தச் சிக்கனமும் போதாமல் எண்ணே வைத்திருந்தோம். எண்ணை அனுப்பினால் அந்தப் பக்கம் முழு வாசகமும் தட்டச்சாகும். அப்படிப்பட்ட வேலையில் இருந்தவனிடம், ஒருவர் 8,000 சொல்லில் தந்தி கொடுத்தாராம் என்று யாரோ சொன்னால் எப்படி இருக்கும்? அந்த எண்ணிக்கைதான் என்னை அவரிடம் இழுத்துப் போனது. ஓய்வு பெற்ற பிறகு பதினைந்து வருடமாக அவரைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

8,000 என்பது அவரே நினைவுக் குறிப்பில் எழுதினது. பிற்பாடு உட்கார்ந்து எண்ணினவர்களுக்கு 5,000-க்குச் சற்று மேல்தான் வந்தது. அதுவும் சாமானியமில்லை. 1946 பிப்ரவரி 22. தூதர் ஹாரிமன் ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார், கென்னன்தான் பொறுப்பு. சளி, காய்ச்சல், சைனஸ், பல்வலி எல்லாம் சேர்ந்து ஆளைப் படுக்கையில் போட்டிருந்தன. வாஷிங்டனிலிருந்து ஒரு கேள்வி வருகிறது. உலக வங்கியிலும் சர்வதேச நிதியத்திலும் சேர ரஷ்யர்கள் ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்று நிதித் துறைக்குப் புரியவில்லையாம், விளக்கம் வேண்டுமாம். சாதாரணமாக இரண்டு பத்தியில் பதில் எழுதி முடிக்கிற கேள்வி. ஆனால் இந்த மனிதர் ஒன்றரை வருடமாக அங்கே இருந்துகொண்டு எழுதி எழுதி அனுப்பி, யாரும் கண்டுகொள்ளாமல் நொந்து போயிருந்தார். இப்போது அவர்களாகவே கேட்டுவிட்டார்கள். படுத்தபடியே செயலாளர் டோரதி ஹெஸ்மனை வரச் சொல்லி, சொல்லச் சொல்ல எழுத வைத்தார். ஐந்து பகுதியாகப் பிரித்தார். ஏன் தெரியுமா? ஒவ்வொன்றும் தனித் தந்தி போலத் தெரிந்தால் நீளம் அவ்வளவு உறுத்தாது என்ற கணக்கு. அதைப் படித்தபோது அந்த முனையில் சங்கேதம் பிரித்தவரின் கைவிரல்களைத்தான் நான் நினைத்தேன்.

கடற்படைத் துறைச் செயலாளர் ஃபாரஸ்டல் அதைப் பிரதியெடுத்து அதிகாரிகள் நூற்றுக்கணக்கானோர் படிக்கும்படி செய்தார். அதோடு கென்னனின் தலையெழுத்தே மாறியது. ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1947-இல் வெளியுறவுச் செயலாளரான ஜெனரல் மார்ஷல் தன் துறையில் கொள்கைத் திட்டக் குழு என்று ஒன்றைத் தொடங்கி இவரைத் தலைவராக்கினார். ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்தின மார்ஷல் திட்டத்துக்கு அடிப்படைக் குறிப்பு எழுதியது அந்தக் குழுதான்.

நீ கேட்ட முரண்பாட்டுக்கு வருகிறேன். தந்தியின் ஐந்தாம் பகுதியைக் கவனமாகப் படி. படையைக் குவி என்று அங்கே எங்கேயும் இல்லை. ரஷ்யாவை நிதானத்தோடு படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் சொந்த மக்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டை ஒழுங்காக வைத்திருங்கள் என்கிறார். கடைசியில், எதிராளியைச் சமாளிக்கப் போய் நாமே அவர்களைப் போல் ஆகிவிடுவதுதான் நமக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து என்று முடிக்கிறார். இதை எழுதின ஆள் பிறகு ஹைட்ரஜன் குண்டை எதிர்த்தார் என்றால் எனக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை.

மாட்டிக்கொண்டது அடுத்த கட்டுரையில். ஃபாரஸ்டல் தான் படிப்பதற்காகக் கேட்டு வாங்கின குறிப்பு அது. 1947 ஜூலையில் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் அச்சானது. அரசுப் பதவியில் இருந்ததால் பெயருக்குப் பதில் 'எக்ஸ்'. எழுதினவர் யார் என்பது சில வாரத்தில் வெளியே வந்துவிட்டது. உடனே ஊர் முழுக்க அதுதான் அமெரிக்காவின் அதிகாரபூர்வக் கொள்கை என்று எடுத்துக்கொண்டது. 'கன்டெய்ன்மென்ட்' என்ற ஒரு சொல் அதிலிருந்து கழன்று தனியாக ஓட ஆரம்பித்தது. நாம் 'கட்டுப்படுத்துதல்' என்று மொழிபெயர்க்கிறோம். எனக்கு 'அணை போடுதல்' என்பதே பொருத்தமாகப் படுகிறது, பொறுமையாகக் கரையைப் பலப்படுத்திக்கொண்டு காத்திருப்பது. அரசியலாலும் பொருளாதாரத்தாலும் செய்ய வேண்டியதைச் சொன்னேன், எல்லோரும் அதைப் படைபலமாக மாற்றிவிட்டார்கள் என்பது அவருடைய ஆயுள் முழுக்க இருந்த வருத்தம். ஆனால் நான் ஒன்று சொல்வேன். பழி முழுக்க வாசகர் மேல் இல்லை. எந்தக் கருவியால், எந்த இடத்தில் என்று அந்தக் கட்டுரை தெளிவாகச் சொல்லவில்லை. அதை அவரே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். சொற்சிக்கனம் தெரியாதவர் என்று நான் நினைத்த மனிதர், தேவையான இடத்தில் பத்துச் சொல்லைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

மேலவீதி சரித்திரம்

ஐயா நன்றாகச் சொன்னீர்கள். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். மாணவர் படிக்கிறார் என்பதால் இன்னொரு பக்கத்தையும் இங்கே வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படைபலம் வேண்டாம் என்ற அதே கென்னன்தான் 1948-இல் ரகசிய நடவடிக்கைகளுக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அது சி.ஐ.ஏ.-வுக்குள் வளர்ந்து எங்கெல்லாம் போனது என்று நமக்குத் தெரியும். 1975-இல் செனட் விசாரணைக் குழுவின் முன்னால், தன் வாழ்க்கையில் செய்த மிகப்பெரிய தவறு அது என்று அவரே சொன்னார். அதே 1948-இன் இன்னொரு குறிப்பில், உலகச் செல்வத்தில் ஏறக்குறைய பாதி நம்மிடம், மக்கள்தொகையில் 6.3 விழுக்காடுதான் நாம், இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நம் வேலை என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். ஆசியாவில் ஜப்பானைத் தவிர வேறெதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

நாட்குறிப்புகள் இன்னும் கடுமை. 11 வயதில் தொடங்கி, மனிதர் 88 வருடம் எழுதியிருக்கிறார். 2014-இல் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் வெளிவந்தன. கறுப்பின மக்களைப் பற்றியும் குடியேறிகளைப் பற்றியும் அதில் உள்ள சில பக்கங்களைப் படிக்க எனக்குக் கை கூசியது. 1938-இலேயே, பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் குடியேறிகளுக்கும் வாக்குரிமையைக் குறைக்கலாம் என்று ஒரு கட்டுரைக்கு வரைவு எழுதிப் பாதியில் விட்டிருக்கிறார். எழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக இதை நாம் மறந்துவிடக் கூடாது.

பழைய தந்திக்காரர்

அம்மா, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கும் அந்தப் பக்கங்கள் வலித்தன. ஜெர்மனியையும் ரஷ்யாவையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்ணுக்குத் தன் ஊர் கறுப்பின மனிதர் தெரியவில்லை. அதை மூடி மறைக்க நான் வரவில்லை.

தூதராக ஜெயித்தாரா என்று தம்பி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு அவர் ரஷ்யாவுக்கு எப்படிப் போனார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1904 பிப்ரவரி 16, மில்வாக்கி. பிறந்த இரண்டே மாதத்தில் தாய் இறந்துவிட்டார். அந்தக் குறை நூறு வயதிலும் அவரை விடவில்லை. அவருடைய தாத்தாவின் உறவுமுறைச் சகோதரர் ஒருவர், அவர் பெயரும் ஜார்ஜ் கென்னன், பிறந்த நாளும் அதே பிப்ரவரி 16, சைபீரியா முழுக்கச் சுற்றி ஜார் ஆட்சியின் நாடுகடத்தல் கொடுமையை உலகுக்கு எழுதிக் காட்டியவர். அந்தப் பெரியவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது தன் கடமை என்று இவர் நினைத்தார். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு 1926-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அன்றைக்கு அமெரிக்கா சோவியத் அரசை அங்கீகரிக்கவே இல்லை. தூதரகமே இல்லாத நாட்டின் மொழியைப் படிக்க அரசு இவரைப் பெர்லினுக்கு அனுப்பியது. பிறகு லாட்வியாவின் ரீகாவில் உட்கார்ந்து, ரஷ்யப் பத்திரிகைகளைப் படித்து அந்த நாட்டைத் தெரிந்துகொண்டார். 1933-இல் உறவு ஏற்பட்டதும் முதல் தூதர் புல்லிட்டோடு மாஸ்கோவுக்குப் போனவர்களில் இவர் ஒருவர். வயது 29.

1937 ஜனவரியில் ஸ்டாலின் தன் எதிரிகள் மேல் பொய்க் குற்றம் சாட்டி நடத்திய மாஸ்கோ விசாரணையில், தூதர் ஜோசப் டேவிஸின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு மொழிபெயர்த்தார். இடைவேளையில் தூதர் பத்திரிகைக்காரர்களோடு, இவர்கள் குற்றவாளிகள்தான் என்று பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் தூதருக்கு சாண்ட்விச் வாங்கி வர இவரை அனுப்புவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் வெளிறிய முகத்தைப் பார்த்து, அவர்கள் பேசுவது மனப்பாடம் என்று புரிந்துகொண்ட ஒருவர் சாண்ட்விச் வாங்கப் போகிறார்! கீழ்நிலை ஊழியனாக இருந்தவர்கள் யாரும் அந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

1938-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகில் போய் இறங்கிய நாள், அந்த நாட்டின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்த நாள். பெர்லினில் இருந்தபோது 1941 டிசம்பரில் போர் மூண்டது. நாஜிகள் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் எல்லோரையும் பாட் நௌஹைம் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் ஐந்து மாதம் அடைத்து வைத்தார்கள். உள்ளே ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவருக்கு. நேரம் போக எல்லோரும் சேர்ந்து வகுப்பு நடத்தியிருக்கிறார்கள், இவர் ரஷ்ய வரலாறு எடுத்தார். விடுதலையாகும் நேரத்தில் வாஷிங்டனிலிருந்து ஒரு தகவல்: அந்த மாதங்களில் வேலை செய்யவில்லை, ஆகவே சம்பளம் கிடையாது.

அந்த ஐந்து மாதம்தான் பத்து வருடம் கழித்து அவருடைய பதவியைக் காவு வாங்கியது. 1952 மே மாதம் மாஸ்கோவுக்கே தூதராகப் போனார். வாழ்நாள் முழுக்கத் தயாரானது இந்தப் பதவிக்குத்தான். ஆனால் அது ஸ்டாலினின் கடைசிக் காலம். எங்கே போனாலும் பின்னால் ஆள், யாரோடும் பேச முடியாது. செப்டம்பர் 19-ஆம் தேதி லண்டன் போகும் வழியில் பெர்லின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு நிருபர், மாஸ்கோவில் ரஷ்யர்களோடு பழக முடிகிறதா என்று கேட்டார். எங்களை ஜெர்மனியில் அடைத்து வைத்திருந்தது போலத்தான் இதுவும், ஒரே வித்தியாசம் தெருவில் நடக்கலாம் என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டார். சோவியத்தை நாஜிகளோடு ஒப்பிட்ட பேச்சு. இரண்டு கோடிப் பேருக்கு மேல் பறிகொடுத்த நாட்டிடம் அதைச் சொல்லலாமா? அக்டோபர் 3-ஆம் தேதி, இவர் இனி இங்கே வர வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மனைவி அன்னலீஸ் குழந்தைகளோடு மாஸ்கோவில் மாட்டிக்கொண்டார், தனியாக மூட்டை கட்டி வந்தார்.

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமாக ஒன்று. அதே செப்டம்பரில் தூதர் மாளிகையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பதாகச் சந்தேகம் வந்தது. கருவியை வேலை செய்ய வைப்பதற்காக, கென்னன் தன் படிப்பறையில் உட்கார்ந்து ஒரு பழைய அறிக்கையைச் செயலாளரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தொழில்நுட்ப ஆட்கள் சுவர் சுவராகத் தேடி, கடைசியில் அமெரிக்க முத்திரை செதுக்கிய ஒரு மரப் பலகையை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கிறது. 1945-இல் சோவியத் சிறுவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது, ஏழு வருடமாகச் சுவரில் தொங்கியது. அதற்கு பேட்டரியும் கிடையாது, கம்பியும் கிடையாது. வெளியே இருந்து ரேடியோ அலை பாயும்போது மட்டும் உயிர் வரும். செய்தவர் லெவ் தெர்மென், கையால் தொடாமலே வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்தவர்.

ஆக, தூதர் பதவியை வைத்து அளந்தால் அவர் தோற்றவர்தான். பிறகு கென்னடி காலத்தில் 1961 முதல் 1963 வரை யுகோஸ்லாவியாவில் இருந்தார். அங்கேயும் அவர் கட்டிய உறவை அமெரிக்க நாடாளுமன்றத்தின் வர்த்தகச் சட்டம் குலைத்தது. ஆனால் ஒரு நாட்டின் மொழியையும் இலக்கியத்தையும் வைத்து அதன் மனதைப் படிக்க முடியும் என்று காட்டியதில் அவருக்கு நிகர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

கடலோரக் கணக்கர்

குறுக்கே ஒரு வார்த்தை. நம்மூர்க்காரர்களுக்கு அமெரிக்கத் தூதர், எழுத்தாளர் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஜான் கென்னத் கால்பிரெய்த்தான். அவரும் 1961 முதல் 1963 வரை டெல்லியில் தூதர், சீனப் போர் நேரத்தில் இருந்தவர், அந்தக் காலத்து நாட்குறிப்பைப் புத்தகமாகவும் போட்டார். ஆனால் அவர் ஹார்வர்டிலிருந்து வந்த பொருளாதாரப் பேராசிரியர். கென்னன் கீழ்ப் படியிலிருந்து ஏறின துறை ஆள்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஸ்டாலின் மகள் ஸ்வெத்லானா டெல்லி வழியாக அமெரிக்கா போன கதையில் கென்னன் பெயர் வருகிறதே, அது இவர்தானா?

பழைய தந்திக்காரர்

இவரேதான். பிரஜேஷ் சிங் என்ற இந்தியரோடு மாஸ்கோவில் வாழ்ந்தவர் ஸ்வெத்லானா. 1966-இல் சிங் இறந்ததும் அஸ்தியை எடுத்துக்கொண்டு உத்தரப் பிரதேசத்துக் காலாகாங்கருக்கு வந்தார். ஊர் திரும்ப வேண்டிய நேரத்தில், 1967 மார்ச் 6 அன்று டெல்லி அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய்விட்டார். கையில் ஒரு கையெழுத்துப் பிரதி. அதைப் படித்துப் பார்க்கும்படி கென்னனைத்தான் கேட்டார்கள். அவர் சுவிட்சர்லாந்துக்கே போய் அந்தப் பெண்மணியைப் பார்த்துப் பேசினார். அந்தக் கோடையில் ஸ்வெத்லானா தங்கியது பென்சில்வேனியாவில் கென்னன் குடும்பத்தின் பண்ணை வீட்டில். தன் சோவியத் பாஸ்போர்ட்டை நெருப்பில் போட்டது அங்கேதான். அந்தப் பண்ணை இருக்கிற ஊரின் பெயர் ஈஸ்ட் பெர்லின். தந்தை ஸ்டாலின் இவரை நாட்டுக்குள் வரக்கூடாது என்றார், மகளுக்கு இவர் வீட்டைத் திறந்துவிட்டார்.

பொதிகைச்சாரல்

ஐயா, அம்மா, எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் ஒரு வருடம் கிடைக்காதது ஒரே நாளில் கிடைத்தது. அம்மா சொன்ன 1948 குறிப்பையும் தேடிப் படிக்கிறேன். இன்னும் ஒரே கேள்வி. தான் எழுதினதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்தும் அவர் அப்போதே வாய் திறக்கவில்லையா? 1947-இலேயே ஒரு மறுப்பு எழுதியிருந்தால் போதுமே.

மேலவீதி சரித்திரம்

பதவியில் இருந்தவர், வெளிப்படையாக எழுத முடியாது. அது ஒன்று. பதவியை விட்ட பிறகு அவர் எழுதியதெல்லாம் ஒரு வகையில் மறுப்புதான். 1950-இல் அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் கூப்பிட்டு பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் இடம் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து எழுதிய வரலாற்று நூலுக்கு 1957-இல் புலிட்சர், நினைவுக் குறிப்புகளுக்கு 1968-இல் இன்னொரு புலிட்சர். 1966 பிப்ரவரியில் வியட்நாம் பற்றிய செனட் விசாரணையில் அவர் பேசியது தொலைக்காட்சியில் நேரடியாக வந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் அதைக் காட்டாமல் பழைய நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பியது, அந்தக் கோபத்தில் அதன் செய்திப் பிரிவுத் தலைவர் ஃபிரெட் ஃபிரெண்ட்லி வேலையை விட்டார். 1997-இல் 92 வயதில், நேட்டோவைக் கிழக்கே விரிப்பது பனிப்போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொள்கையிலேயே மிகப் பெரிய தவறாக முடியும் என்று நாளிதழில் எழுதினார். இராக் போருக்கு முன்பும் எச்சரித்தார், வயது 98. அவர்மேல் எனக்கு உள்ள கோபத்தோடு சேர்த்தே சொல்கிறேன், அந்த விடாப்பிடி எனக்குப் பிடிக்கும்.

பழைய தந்திக்காரர்

தம்பி, ஒரு மறுப்பு எழுதத்தான் செய்தார். எக்ஸ் கட்டுரையைக் கிழித்துத் தொங்கப் போட்டவர் வால்டர் லிப்மன், அன்றைக்கு அமெரிக்காவின் பெரிய பத்தி எழுத்தாளர். வரிசையாகப் பத்திகள் எழுதி, உலகம் முழுக்கப் படையை நிறுத்தி அமெரிக்கா ஓய்ந்துபோகும், இது நடக்காத காரியம் என்றார். கென்னனுக்கு அது குத்தலாக இருந்தது, ஏனென்றால் லிப்மன் சொன்ன முக்கால்வாசி அவருக்கும் சம்மதம்தான். தான் சொல்லாததற்காகத் திட்டு வாங்குகிறார்.

1948 ஏப்ரலில் வயிற்றுப் புண்ணுக்காகக் கடற்படை மருத்துவமனையில் படுத்திருந்தபோது லிப்மனுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். நான் சொன்னது படைபலத்தை இல்லை என்று விளக்கி, பக்கம் பக்கமாக. அதை அனுப்பவில்லை. படுக்கையில் கிடந்துகொண்டு தந்தி கொடுத்த அதே மனிதர், படுக்கையில் கிடந்து எழுதின கடிதத்தை அஞ்சலில் சேர்க்காமல் வைத்துக்கொண்டார். 33 வருடம் மற்றவர்களின் செய்தியைக் கொண்டு சேர்த்த எனக்கு, இந்த ஒரு கடிதம் போய்ச் சேரவில்லையே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

பிறகு ஒரு நாள் வாஷிங்டனிலிருந்து நியூயார்க் போகிற ரயிலில் லிப்மனைத் தற்செயலாகச் சந்தித்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தில் இருந்ததையெல்லாம் வாயால் சொல்ல ஆரம்பித்தார். லிப்மனுக்கு அலுத்துப் போகும் அளவுக்குப் பேசினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். நீ எடுத்து வந்திருக்கிறாயே, அந்த முதல் தொகுதியிலேயே இருக்கிறது. எக்ஸ் கட்டுரை பற்றிய அத்தியாயம். இன்றைக்கு ராத்திரி அதைப் படி.